தலைப்புக்கு எத்தனை எழுத்து?

(இதழியல் மாணவர்களின் செம்மையாக்கம், பக்க வடிவமைப்புப் பாடங்கள் குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2024 அக்டோபர் 7. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி அன்று 29-ஆம் நாள். அமைச்சர்கள் மூவர் நடத்திய பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிப்பு வருகிறது. அதன் பின்னாலேயே இன்னொரு தகவலும் வருகிறது: உடன்பாடு தொழிலாளர்களில் ஒரு பகுதியினருடன் மட்டுமே, சிஐடியு ஆதரவோடு போராடும் சங்கம் அதை ஏற்கவில்லை, வேலைநிறுத்தம் தொடரும். அந்த இரவில் ஏதோ ஒரு நாளிதழின் செய்தி மேசையில் ஒரு துணை ஆசிரியருக்கு மூன்று பத்தி அகலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சாம்சங் வேலைநிறுத்தம் முடிந்தது’ என்று போட்டால் ஒரே வரியில் அடங்கிவிடும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது அக்டோபர் 15-இல், 37-ஆம் நாளில்தான். ‘ஒரு பகுதித் தொழிலாளர்களுடன் உடன்பாடு, போராட்டம் தொடரும் என்கிறது சங்கம்’ என்று போட்டால் உண்மை. ஆனால் மூன்று பத்திக்குள் அந்த எழுத்து அளவில் அடங்காது.

எழுத்தைச் சிறிதாக்குவதா, இன்னொரு பத்தி கேட்டு வாங்குவதா, மேலே ஒரு சிறு தலைப்பு வைத்துச் செய்தியை இரண்டாகப் பிரிப்பதா? இந்தக் கேள்வி செம்மையாக்கத்தைச் சேர்ந்ததா, வடிவமைப்பைச் சேர்ந்ததா? இரண்டையும் சேர்ந்தது. ஆனால் இதழியல் மாணவர்களுக்குப் பெரும்பாலும் இவை இரண்டு தாள்களாகக் கற்பிக்கப்படுகின்றன. ஒன்றில் பிழை திருத்தமும் சுருக்கி எழுதுதலும். மற்றொன்றில் கணினி அறையும் மென்பொருளும் வண்ணமும். இரண்டு தாளிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இப்படி ஒரு தலைப்பின் முன் திகைத்து நிற்கிறார். தமிழில் இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் கற்பிக்க வேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவின் கருத்து. தமிழ் எழுத்தின் உடலமைப்பே அப்படிக் கேட்கிறது.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் வழக்கம் புதியதன்று. லண்டன் சண்டே டைம்ஸ் இதழின் ஆசிரியராக 1967 முதல் 1981 வரை இருந்த ஹெரால்ட் எவன்ஸ், பயிற்சி இதழாளர்களுக்காக 1970-களில் ஐந்து தொகுதிகள் எழுதினார். மொழிநடைக்கு ஒன்று, பிரதியைக் கையாள ஒன்று, தலைப்புக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, பக்க வடிவமைப்புக்கு ஒன்று. ஐந்துக்கும் சேர்த்து அவர் வைத்த பொதுப்பெயர் ‘எடிட்டிங் அண்ட் டிசைன்’. தாலிடோமைடு மருந்தால் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகளுக்கு இழப்பீடு கேட்டு அந்த இதழ் ஆண்டுக்கணக்கில் போராடியது அவர் காலத்தில்தான். அத்தகைய ஆசிரியர் ஒருவர் எழுத்தின் பாயின்ட் அளவு பற்றியும் படத்தின் ஓரத்தை எங்கே வெட்டுவது என்பது பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்தத் தொகுதிகளுக்கு முன்பே அவர் இந்தியாவுக்கு வந்தவர். 1960-ஐ ஒட்டிய காலத்தில் பன்னாட்டுப் பத்திரிகை நிறுவனத்தின் சார்பில் இந்தியச் செய்தி அறைகளில் பயிற்சி கொடுத்தார். இலங்கையின் பெயர்பெற்ற ஆசிரியர் டார்சி விட்டாச்சி அந்த ஆசியப் பணியில் முன்நின்றார். அந்த அனுபவத்தின் விளைவாக 1961-இல் வெளிவந்தது ‘தி ஆக்டிவ் நியூஸ்ரூம்’ என்ற கையேடு.

எவன்ஸின் நூல்களை நம் மாணவர்கள் படிக்கட்டும். ஆனால் அவை ஆங்கில எழுத்துகளுக்கான கணக்கு. தமிழ் எழுத்து அச்சுக்கு வந்த நாளிலிருந்தே அதற்கென்று தனிக் கணக்கு ஒன்று இருந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிலிருக்கும் காகிதம் போதாது. அங்கிருந்த பாதிரியார் சீகன்பால்குவும் அவர் உடனிருந்தோரும் என்ன செய்தார்கள்? பொறையாற்றில் பட்டறை வைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், காகித ஆலையும் அமைத்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது. ஒரு சொல்லையும் வெட்டாமல் நூலைக் காகிதத்துக்குள் அடக்க எழுத்தின் அளவை மாற்றினார்கள். தமிழ்ப் பக்க வடிவமைப்பின் முதல் பாடம் என்று இதைச் சொல்லலாம்.

1904-இன் இறுதியில் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியார், அங்கே பெரும்பாலும் ஆங்கிலச் செய்திகளையும் உரைகளையும் தமிழாக்கிக்கொண்டிருந்தார். 1906-இல் ‘இந்தியா’ வார இதழின் பொறுப்பு கைக்கு வந்ததும் அவர் செய்த காரியத்தை ஒவ்வோர் இதழியல் மாணவரும் கவனிக்க வேண்டும். அரசியல் கருத்துப்படத்தைத் தமிழ் இதழின் முகப்புக்குக் கொண்டுவந்து, அந்தப் படத்துக்கு விளக்கமும் சேர்த்துப் போட்டார். எழுதுகிறவர் ஒருவர், பக்கம் போடுகிறவர் வேறொருவர் என்றிருந்தால் அது நடந்திருக்குமா என்பது ஐயமே. தலையங்கத்தின் கோபமும் படத்தின் கோபமும் ஒரே மனத்திலிருந்து வந்தன.

அதன்பின் 1942-இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார். அவர் எழுதிய ‘இதழாளர் கையேடு’ தமிழ்ச் செய்தி மேசையில் உருவான பாடநூல். பேசுகிற தமிழில், கொச்சையை நீக்கி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதச் சொன்னவர் அவர். அந்த நடையையும் அந்த நாளிதழின் பெரிய கொட்டை எழுத்துத் தலைப்புகளையும் தனித்தனியே பார்க்க முடியாது. தலைப்பு பெரிதாக வேண்டுமென்றால் சொல் சிறியதாக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் தூரத்திலிருந்தே வாசிக்க வேண்டுமென்றால் எழுத்து பெரிதாக வேண்டும். நடையும் அளவும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை.

இந்த இடத்தில் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘தொழிலாளர்களுக்கு’ என்ற சொல்லில் இலக்கணப்படி 9 எழுத்து. ஆனால் பக்கத்தில் அது 12 எழுத்தின் இடத்தைப் பிடிக்கிறது. ‘தொ’வுக்குக் கொம்பு, த, கால் என மூன்று இடம், ‘லா’வுக்கு இரண்டு. ‘வேலைநிறுத்தம்’ இலக்கணத்தில் 7, பக்கத்தில் 9. ‘ஸ்டிரைக்’ இலக்கணத்தில் 4, பக்கத்தில் 5. ஆங்கிலக் கையேடுகள் ஒல்லியான எழுத்துக்கு அரை அலகு, அகலமான எழுத்துக்கு ஒன்றரை அலகு என்று கணக்குச் சொல்லித்தருகின்றன. தமிழில் ‘ர’வும் ‘ண’வும் ஒரே அகலமில்லை. ‘ஞ’, ‘ஐ’, ‘ணு’ போன்றவை தாராளமாக இடம் கேட்பவை. ஆகவே தமிழில் தலைப்பு எழுதுகிறவர் கண்ணாலேயே அளக்கப் பழக வேண்டும். ஒரு வகுப்புக்கு இருபது தலைப்புகள், கணினி இல்லாமல், கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதிப் பார்க்கும் பயிற்சி மாணவர்களுக்குச் சலிப்பாகத் தோன்றலாம். மறுபேச்சின்றிக் கொடுக்க வேண்டிய பயிற்சி அது. அதைச் செய்தவருக்கு ‘ஊழியர்’ எங்கே பொருந்தும், ‘தொழிலாளர்’ எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாதது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். இடம் போதவில்லை என்பதற்காக ‘போராட்டம்’ ‘ரகளை’ ஆகிவிடக் கூடாது. அந்தச் சுருக்கலில் நான்கு எழுத்து இடம் மிச்சமாகும், ஒரு சங்கத்தின் பெயர் கெடும்.

எழுத்துச் சீர்திருத்தமும் இந்தப் பாடத்துக்குள் வர வேண்டும். பெரியார் 1935-இல் குடிஅரசு இதழில் கைக்கொண்ட மாற்றங்களில் பலவற்றை, எம்.ஜி.ஆர். ஆட்சி 1978 அக்டோபர் 19-ஆம் நாள் ஆணையிட்டு ஏற்றது. ‘ணா, றா, னா, லை, ளை’ உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் போயின. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் தனி அச்சுகள் குறைந்தன, தட்டச்சும் எளிதாயிற்று. அதே நேரத்தில் யானைத் துதிக்கை போல் வளைந்து ஒரே அச்சாக நின்ற ‘லை’ இரண்டு இடம் பிடிக்கத் தொடங்கியது. ஒரு சமூகச் சீர்திருத்தம் வரியின் அகலத்துக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக மாணவருக்குக் காட்ட முடியாது. பழைய நாளிதழ் ஒன்றையும் இன்றைய நாளிதழ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே சொல்லை அளந்து பார்த்தால் போதும்.

வரியை உடைப்பது அடுத்த சிக்கல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, செய்தித்தாளின் பத்தியோ குறுகலானது. ஆங்கிலம் போல் இணைகோடு போடாமலேயே நம் நாளிதழ்கள் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகின்றன. ஆனால் புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வரக் கூடாது. ‘மண்ணூ’ ஒரு வரியிலும் ‘ர்’ அடுத்த வரியிலும் நின்றால் ஊரின் பெயரே அடிபட்டுப்போகும். ‘தொழிலாளர்/களுக்கு’ என்று உடைத்தால் கண் தடுக்காது. ‘தொழிலா/ளர்களுக்கு’ என்றால் ஒரு நொடி தடுக்கும். மென்பொருள் எல்லா நேரமும் இதைக் கவனித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வடிவமைப்பாளர் எழுத்துகளுக்கிடையே உள்ள வெளியை நெருக்குவார். செம்மையாக்கம் தெரிந்தவரோ வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சிக்கலையே இல்லாமல் செய்துவிடுவார்.

நம்மிடம் இருக்கும் இன்னொரு வடிவத்தைப் பாடத்திட்டங்கள் பொருட்படுத்துவதில்லை. பெட்டிக்கடையிலும் தேநீர்க் கடையிலும் தொங்கும் நாளிதழ் போஸ்டர் அது. நாலைந்து சொல், பெரிய எழுத்து, ஓடும் பேருந்திலிருந்தும் படித்துவிட வேண்டும். வாங்கத் தூண்ட வேண்டும், உள்ளே இல்லாததைச் சொல்லவும் கூடாது. 600 சொல்லில் ஒரு மூலச் செய்தியைக் கொடுத்து, அதை 150 சொல்லாகவும், ஒற்றைப் பத்திச் செய்தியாகவும், கடைசியில் கடை போஸ்டராகவும் ஆக்கச் சொன்னால், மாணவரிடம் செய்தி உணர்வும் நேர்மையும் எழுத்தளவு பற்றிய அறிவும் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

படத்துக்கு வருவோம். 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தக் கூட்டத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபு குண்டுவெடிப்பில் இறந்தார். அவருடைய கேமரா தப்பியது. அதிலிருந்த ஃபிலிம்தான் புலனாய்வுக்கு முதல் வெளிச்சம் தந்தது. அந்தப் படங்களில் ஒன்றில், குண்டை வெடிக்கச் செய்த தணு சந்தன மாலையோடு நிற்கிறார். அதே படத்தின் ஓரத்தில், வெள்ளை குர்தா பைஜாமாவில், கையில் குறிப்பேட்டோடு செய்தியாளர் போல ஒருவர் நிற்கிறார். அவர் சிவராசன்.

படத்தை வெட்டும் பாடத்தில் இந்த ஒரு படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். மாலை ஏந்திய பெண்தான் செய்தி என்று நினைக்கும் பக்க வடிவமைப்பாளருக்கு அந்த ஓரம் வீண் இடமாகத் தோன்றும். வெட்டினால் படம் இறுகும், முகம் பெரிதாகும், பத்திக்குள் கச்சிதமாக அடங்கும். ஆனால் அந்த ஓரத்தில்தான் சதியை நடத்தியவர் நிற்கிறார். அழகுக்காக வெட்டும்போது எதை வெட்டுகிறோம் என்று கேட்கும் பழக்கம் மாணவருக்கு வர வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை படத்துக்குள் இல்லை. செய்தியாளரிடம், படவிளக்கத்தில், இன்னும் உறுதியாகாத தகவல்களில் இருக்கிறது. செய்தியைப் படிக்காமல் படத்தை வெட்டும் உரிமை யாருக்கும் கிடையாது. முழுப் படத்தையும் பத்திரப்படுத்தி வைப்பது, படவிளக்கத்தில் இடமிருந்து வலமாக எல்லோரையும் எண்ணிப் பெயர் சொல்வது, பெயர் தெரியாதவரை ஊகத்தால் பெயரிடாதிருப்பது ஆகிய மூன்றும் இந்தப் பாடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த இரவின் வேறு படங்களில் சிதைந்த உடல்கள் இருந்தன. எது முதல் பக்கத்துக்கு, எது எந்தப் பக்கத்துக்குமே வேண்டாம் என்ற விவாதத்தையும் வகுப்பறையிலேயே நடத்திவிடுவது நல்லது. நள்ளிரவில் மேசையில் அதற்கு நேரம் இருக்காது.

ஸ்ரீபெரும்புதூர்த் தொழில் வட்டாரத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்காக உற்பத்தி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி செல்பேசிகளில் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். யாரும் இறக்கவில்லை என்பது பின்னர் உறுதியானது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-இல் மீண்டும் திறந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது.

மாணவர் கையில் இந்தச் செய்தியின் மூலப் பிரதியைக் கொடுத்து ஒரு பக்கம் போடச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் வதந்தியைத் தலைப்பாக்குவார்கள், மறுப்பை அடுத்த தலைப்பாக்குவார்கள், பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பெண்கள் எதற்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு இடமே இருக்காது. நெரிசலான அறை, தண்ணீர் இல்லாத கழிப்பறை, கெட்ட சாப்பாடு ஆகியவை அடியில் ஒற்றைப் பத்தியில் போய்ச் சேரும். மூலப் பிரதியில் ஒரு வரியும் தவறில்லாமல் இருக்கலாம். ஆனாலும் எழுத்தின் அளவும் இடமும் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் தவறாக்கிவிடும். செம்மையாக்கத் தாளில் இதற்கு மதிப்பெண் குறையாது, வடிவமைப்புத் தாளிலும் குறையாது. இரண்டையும் சேர்த்துத் திருத்துகிறவரால் மட்டுமே இதைப் பிடிக்க முடியும்.

கணினி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேஜ்மேக்கர் போய் இன்டிசைன் வந்தது, நாளை வேறு வரும். தமிழுக்கே உரிய ஒரு தொல்லையை மட்டும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்: யூனிகோடில் அடித்த பிரதியை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கு மாற்றும்போது எழுத்து சிதையும், எண்ணும் பெயரும் காணாமல் போகும். மாற்றியபின் ஒருமுறை, பக்கத்தில் ஊற்றியபின் ஒருமுறை மெய்ப்பு பார்த்தாக வேண்டும். தமிழ்நெட் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டவருக்குப் பாதி வேலை குறையும். எழுத்துக்கூட்டலுக்கும் சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவதற்கும் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ மேசையில் இருக்கட்டும். அதற்கும் மேலாக, ஒவ்வொரு வகுப்பும் தனக்கென ஒரு நடைத்தாளை எழுதிக்கொள்வது நல்லது. ஒரே பக்கத்தில் ஒரே ஆலையின் பெயர் ஃபாக்ஸ்கான், பாக்ஸ்கான் என்று இரண்டு விதமாக வந்தால் வாசகர் எண்களையும் சந்தேகிக்கத் தொடங்குவார்.

அமெரிக்காவில் மிசோரி பல்கலைக்கழகம் 1908 செப்டம்பர் 14-இல் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்பு தொடங்கிய அன்றைக்கே மாணவர் நாளிதழும் வெளிவந்தது. அந்த ஊரின் மக்கள் வாங்கிப் படிக்கும் உண்மையான செய்தித்தாளாகவே அதை நடத்தினார்கள். தமிழ்நாட்டில் விகடன் குழுமத்தின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல தலைமுறை மாணவர்களின் எழுத்தை அச்சில் ஏற்றியிருக்கிறது. செய்தி சேகரித்தலுக்கு அது போதும். மேசை வேலைக்கும் பக்க வேலைக்கும் கல்லூரியே தாள் நடத்த வேண்டும்.

இந்தத் தொழில் வட்டாரத்தின் ஊர்களான மண்ணூருக்கும் வளர்புரத்துக்கும் தண்டலத்துக்கும் சேர்த்து நாலு பக்கத்தில் ஒரு தாளை மாணவர்கள் மாதம் இருமுறை கொண்டுவர முடியும். ஷிஃப்ட் பேருந்து நேரம், அறை வாடகை, ஏரி நீர் மட்டம், கிராம சபைத் தீர்மானம், ஆலையில் ஆள் எடுக்கும் அறிவிப்பு, ஒப்பந்தத் தொழிலாளருக்கான சட்ட விளக்கம் என இங்கே செய்திக்குப் பஞ்சமில்லை. வாசகரில் பலர் இரவு ஷிஃப்ட் முடிந்து மங்கலான பேருந்து விளக்கில் படிப்பவர்கள். அவர்களுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், மேலே வளையும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘மூ’வும் அடுத்தடுத்த வரிகளில் மோதாதபடி இடைவெளி வேண்டும், சாம்பல் பின்னணியில் எழுத்து போடக் கூடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருப்பவர்களுக்காக ஒரு பத்தியை இந்தியில் போடலாம். அது நல்ல வடிவமைப்புச் சவாலும்கூட. தேவநாகரி மேல்கோட்டிலிருந்து தொங்கும் எழுத்து, தமிழ் அடிக்கோட்டில் நிற்கும் எழுத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரமாகத் தோன்ற வைக்க மாணவர்கள் பல மாலைகள் உட்கார வேண்டியிருக்கும். உட்காரட்டும்.

மதிப்பெண்ணில் ஒரு பங்கைக் கல்லூரிக்கு வெளியே கொடுத்துவிடலாம். தாள் வெளியான மறுநாள் பேராசிரியரும் மாணவரும் கடைத்தெருவில் சிலரிடம் அதைக் கொடுத்து, எதை முதலில் படித்தீர்கள், தலைப்பிலிருந்து என்ன புரிந்துகொண்டீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். தலைப்பு சொன்னது ஒன்று, வாசகர் புரிந்துகொண்டது வேறு என்றால், அந்தக் குறிப்போடு மாணவர் பக்கத்தை மறுபடி போட வேண்டும்.

தவறும் நேரும்; நேர்ந்தால் அடுத்த தாளில் திருத்தம் போட வேண்டும். தி இந்து நாளிதழ் 2006-இல் வாசகர்களுக்கென்றே ஓர் ஆசிரியரை நியமித்து, திருத்தங்களை நாள்தோறும் குறிப்பிட்ட இடத்தில் வெளியிடத் தொடங்கியது. மாணவர் தாளுக்கும் அப்படி ஓர் இடம் முதல் இதழிலேயே ஒதுக்கப்பட்டிருக்கட்டும். தவறு முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்திருந்தால் திருத்தம் நாலாம் பக்கத்தின் அடியில் ஒளிந்துகொள்ளலாமா, தவறான வாக்கியத்தை மறுபடி அச்சிடாமலேயே திருத்தத்தை எழுத முடியுமா, அதற்கு எத்தனை வரி, எத்தனை பாயின்ட் எழுத்து என்பதையெல்லாம் ஆசிரியர் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பருவத்தின் கடைசித் தேர்வுக்குரிய கேள்வியாக மாணவர்களிடமே விட்டுவிடலாம்.